வளர்க்கவா, வெட்டவா?

விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. ஆனால் எந்த விமானம் இன்னும் எவ்வளவு காலம் பறக்கலாம், எதை எப்போது விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் சில வருடங்களாக என் தொழிலாக இருந்தது. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே சீமெந்துப் பைகளை இறக்குகிற சத்தம், மேலே ஆறு பெண்களும் ஆறு கணினிகளும். உருத்திரபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். "வயல் வரம்பில நிண்டு பிளேனுக்கு வயசு பாக்கிறியளாம்" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன்.

அலுவலகத்தை நடத்தியவரும் எங்கள் ஊர்க்காரர்தான். இளவயதிலேயே லண்டனுக்குப் போய், விமான நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில் நின்று பிடித்தவர். அங்கே பெரிய சம்பளத்துக்குச் செய்விக்கிற வேலையை இங்கே சின்னச் சம்பளத்துக்குக் கொண்டுவந்தார். இதில் ஊர்ப்பற்று எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று நேர்முகப் பரீட்சையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வாயை அடக்கத் தெரியாமல் கேட்டும் விட்டேன். அவர் திரையில் சிரித்துக்கொண்டு, "ரெண்டும் இருக்கு தங்கச்சி" என்றார். பூசி மெழுகாத அந்தப் பதிலுக்காகவே வேலைக்குச் சேர்ந்தேன்.

எனக்குச் சந்தேகம் கூட. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த முள்ளியவளை ஊர்ப் பெண் எனக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. ஆனால் இந்தத் தொழிலில் அது குறை இல்லை. புது விமானம் விற்கிறவர்கள் தருகிற எரிபொருள் கணக்கு, காற்றில்லாத நாளில் பாதி வெறுமையாகப் பறந்த விமானத்தின் கணக்கு. பழையதை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற எஞ்சினியர் தருகிற செலவுக் கணக்கில், விமானம் பழுதாகி நின்ற நாட்களில் பயணிகளை ஹோட்டலில் வைத்துச் சோறு போட்ட செலவு இருக்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும்.

கணக்கு ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. உழவு மெசின் வைத்திருக்கிற எவரும் மனதுக்குள் போடுவதுதான். பழையதை வைத்திருந்தால் எண்ணெய் குடிக்கும், அடிக்கடி படுக்கும், பாகம் கிடைக்காது. புதிது வாங்கினால் செலவு குறையும், ஆனால் அந்த மிச்சம் வருவது இனி வரும் வருடங்களில், கொடுப்பது இன்றைக்கு. அடுத்த போகத்து நெல்லுக்கு இன்றைக்கே காசு கேட்டால் யாவாரி குறைத்துத்தானே தருவான். அதேபோல வருங்காலத்தில் மிச்சப்படுகிற காசையெல்லாம் இன்றைய பெறுமதிக்குக் குறைத்து, புதிதின் விலையோடு வைத்துப் பார்ப்போம். கடைசியாக ஒரு வரி இருக்கும்: பழையதை விற்றால் என்ன கிடைக்கும்? பல கணக்குகள் அந்த ஒரு வரியில்தான் நிமிரும், அல்லது கவிழும்.

போன வருடம் ஒரு தூரதேசத்துச் சிறிய நிறுவனத்தின் கணக்கு என்னிடம் வந்தது. தீவுகளுக்கும் மலையூர்களுக்கும் சனங்களை ஏற்றி இறக்குகிற நிறுவனம். விமானங்கள் வயது போனவை. காற்றாடி பூட்டிய எஞ்சின், முதுகுக்கு மேலே இறக்கை, பின்பக்கத்தில் அகலமான கதவு. படத்தைத் திறந்ததும் மௌஸின் மேலிருந்த என் கை நின்றுவிட்டது. அந்த உருவத்தை எனக்கு முதலே தெரியும். அது வேறு கதை, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கணக்கு விளிம்பில் நின்றது. பழையவற்றை இன்னும் சில வருடம், அடுத்த பெரிய சோதனைக்கு அவற்றைக் கழற்றும் காலம் வரைக்கும் வைத்திருப்பதுதான் லாபம் என்று காட்டியது. நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்குப் புதிது வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வந்தார். பழைய விமானங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கிறேன் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலையைக் கடைசி வரியில் போட்டவுடன் கணக்கு மற்றப் பக்கம் சாய்ந்தது. இப்போதே விற்றுவிட்டுப் புதிது வாங்கு என்றது. லண்டனில் சந்தோஷம், அந்தத் தூரதேசத்தில் சந்தோஷம், முள்ளியவளைப் பெண்ணுக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த விலையில் ஏதோ இடித்தது.

ஏன் என்று எனக்கே உடனே பிடிபடவில்லை. அடுத்த நாள் காலையில்தான் விளங்கியது.

வீட்டில் ஒரு சிவலைப் பசு நின்றது. வயது போய்விட்டது, பால் குறைந்துவிட்டது. அந்த வருடம் வைக்கோலும் தட்டுப்பாடு. விற்றுவிடுவோம் என்று நான்தான் அம்மாவை நச்சரித்தேன். அன்றைக்குக் காலை ஒரு யாவாரி படலையில் வந்து நின்றான். பசுவைச் சுற்றிப் பார்த்தான். இடுப்பைத் தடவினான். பிறகு ஒரு விலை சொன்னான். நல்ல விலை. நான் வாயெல்லாம் பல்லாக அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா கேட்டார்: "வளக்கவோ, வெட்டவோ?"

எங்கள் பக்கத்தில் மாடு விற்கிற எவரும் கேட்கிற கேள்விதான். யாவாரி துள்ளி விழுந்தான். "ஐயோ அம்மா, வளக்கத்தான். வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கு, பாலுக்கு."

"கண்டுக்குட்டி போட்டு எவ்வளவு காலம் எண்டு நீர் கேக்கேல்லை. எத்தினை போத்தில் கறக்கும் எண்டும் கேக்கேல்லை. இடுப்பைத்தான் தடவிப் பாத்தனீர்" என்றார் அம்மா. "உந்த விலைக்கு உது பால் தராது தம்பி. போட்டு வாரும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டு போனான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எல்லாரிலயும் சந்தேகப்பட்டா எப்பிடியம்மா சீவிக்கிறது?" என்று கத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வாய்க்கால் தெருவில் பாதிதூரம் போனபிறகுதான் அம்மா சொன்னது முழுதாக உறைத்தது. உந்த விலைக்கு உது பால் தராது. ஸ்கூட்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போய் முதல் வேலையாக, வாங்குகிறவனின் கணக்கைப் போட்டேன். எங்கள் தொழிலில் யாரும் போடாத கணக்கு அது. விற்கிறவனுக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம். அந்த விமானங்களை நான் எடுத்தால் எப்படிச் சம்பாதிப்பேன்? சனங்களை ஏற்றிப் பார்த்தேன். சாமான் ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நிறைய நிறைய ஏற்றி, எரிபொருளை மலிவாக்கி, பழுதே வராது என்றும் வைத்துப் பார்த்தேன். எப்படிப் புரட்டினாலும் அந்த விலை திரும்பி வரவில்லை. கழற்றிப் பாகங்களாக விற்றால் அதைவிடவும் குறைவு. அப்படியானால் பறந்து உழைக்கத் தேவையில்லாத யாரோ ஒருவர் அவற்றை வாங்குகிறார். தரகர் அனுப்பிய கேள்விகளைத் திரும்பப் பார்த்தேன். கதிரைகள் தேவையில்லையாம், கழற்றிவிட்டுத் தந்தால் நல்லதாம். பின்கதவைப் பறக்கும்போது திறக்கலாமா என்றும் கேட்டிருந்தார்.

அந்த உருவத்தை எனக்குத் தெரியும் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்து உருத்திரபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கலியாணத்துக்கு முன்னர், வெளிநாடு போகிற மாமாவை வழியனுப்பப் பலாலி விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இந்த வகை விமானம் ஒன்று நின்றதாம். மாமா அதில் ஏறிக் கொழும்புக்குப் போனாராம், யன்னலுக்குள்ளால் கைகாட்டினாராம். அம்மா வாழ்க்கையில் கிட்டப் பார்த்த ஒரே விமானம் அதுதான்.

பிறகு பொம்மர்கள், குண்டு போடுகிற விமானங்கள், வந்த காலம். பொம்மர் வந்தால் எங்களுக்குச் சத்தத்திலேயே தெரியும்; கத்திக்கொண்டு வந்து குத்தும். காதில் விழுந்தவுடன் வளவில் வெட்டி வைத்த பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், விழுந்துவிடுவோம். அன்றைக்கு வந்தது கத்தவில்லை. ஆறுதலாக, பெரிய வட்டமாகச் சுற்றியது. நான் பங்கருக்கு ஓட வெளிக்கிட்டேன். முற்றத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்ற அம்மா, கண்ணுக்கு மேலே கையை வைத்து வடிவாகப் பார்த்தார். "அது சனம் ஏத்திற பிளேன் பிள்ளை. ஒண்டும் செய்யாது" என்றார். என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. இன்னும் நல்லாகப் பார்க்க வேண்டும் என்று கிணற்றடிப் பக்கம் ஓடி, இரண்டு கையையும் ஆட்டினான். பின்கதவால் ஏதோ உருளையாக ஒன்றைத் தள்ளிவிடுவதை நான் கண்டேன்.

தம்பி போய்விட்டான். அம்மா அதைப்பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அந்த விமானத்தைப்பற்றியும் இல்லை, தான் சொன்னதைப்பற்றியும் இல்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா யாரையும், எதையும் நம்பியதில்லை. மருந்துக் குளிசையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வானத்தில் சத்தம் கேட்டால் எங்கள் அலுவலகத்தில் தட்டெழுதுகிற விரல்கள் எல்லாம் ஒரு கணம் நிற்கும். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலையைத் தொடர்வோம்.

பின்னேரம் லண்டன்காரர் திரையில் வந்தார்.

"விலையில எனக்குச் சந்தேகம் அண்ணை" என்றேன்.

"உமக்கு எதிலதான் சந்தேகம் இல்லை?" என்று சிரித்தார்.

"சனம் ஏத்தினாலும் சாமான் ஏத்தினாலும் அந்தக் காசு திரும்பி வராது. கதிரையள் வேண்டாமாம். பின்கதவைப் பறக்கேக்க திறக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறாங்கள்."

"எங்கயேன் நிவாரணச் சாமான் போடுறதுக்கா இருக்கும்."

"என்ன சாமான் அண்ணை?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவர் பொம்மர்கள் வர முன்னரே ஊரைவிட்டுப் போனவர்; ஆனால் அவருடைய சொந்தங்கள் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாங்கிறவன் என்ன செய்வான் எண்டது எங்கட கணக்கில்லை, தங்கச்சி. எங்களிட்டக் கேட்டது ஒரு இலக்கம்."

"அந்த இலக்கத்தைத்தான் நான் நம்பேல்லை."

"அவைதான் இப்ப எங்கட பெரிய வாடிக்கை. இதைக் குழப்பினா வேற ஆக்களிட்டப் போயிடுவினம். பிறகு கிளிநொச்சி ஒபிஸை நான் என்னண்டு கொண்டு நடத்திறது? உங்கட ஆறு பேரின்ர சம்பளத்தையும் யோசியும்."

யோசிக்காமலா இருந்தேன்? என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு நடந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அப்படித்தான். முள்ளியவளைப் பெண் கார்மென்ட்ஸில் நின்று தைத்துக் கால்வீங்கி, இரவில் இருந்து படித்து இந்தக் கதிரைக்கு வந்தவள். அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். தரகரிடம் ஒரேயொரு கேள்வி கேட்கலாம், பதில் வந்ததும் அறிக்கையை முடித்துவிட வேண்டும் என்றார். நான் எழுதினேன்: கழற்றிப் பாகங்களாக விற்கப் போகிறீர்களா, பறக்கவிடப் போகிறீர்களா? பறக்கவிடுவதானால் எந்த நாட்டில், யார்? எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், காலையில் அம்மா கேட்டதையேதான் ஆங்கிலத்தில் கேட்டிருந்தேன். ஆனால் எங்கள் இருவருக்கும் வேண்டிய பதில் நேரெதிர். அம்மா பசுவை வளர்க்கிறவனைத் தேடினார். நான் விமானத்தை வெட்டுகிறவனைத் தேடினேன். வெட்டுகிறேன் என்று ஒரு கையெழுத்துக் கிடைத்தால் போதும், அன்றைக்கே அறிக்கையை முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

தேத்தண்ணி ஆறமுன்னரே பதில் வந்துவிட்டது. பின்தங்கிய இடங்களில் வாழும் நோயாளிகளுக்கு மருந்தும், பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்கு உணவும் கொண்டுபோகவாம். எந்த நாடு என்று இல்லை. யார் பறக்கவிடுவார்கள் என்றும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கு, பாலுக்கு என்று யாவாரி சொன்னதும் இதே வேகத்தில்தான். திரும்ப எழுதி நாட்டின் பெயரைக் கேட்டேன். அதற்குப் பதில் வரவேயில்லை.

என் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முள்ளியவளைப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நீங்கள் நினைக்கிறது பிழையா இருந்தா?"

"பிழையா இருந்தா நல்லம்."

"அப்ப எங்கட வேலை?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திரும்பித் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். அதுதான் தாங்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. உண்மையாகவே அது மருந்து கொண்டுபோகிற விமானமாக இருக்கலாம். காசுக்குக் கணக்குப் பார்க்காத தர்மவான்களும் உலகத்தில் இருக்கக்கூடும். என் தம்பியின் சாவை வைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் நல்ல காரியத்தைக் கெடுக்கிறேனோ என்றும் யோசித்தேன். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்கள் நாட்டின் பெயரைச் சொல்ல ஏன் கூசவேண்டும்? எந்தப் பக்கத்தால் போனாலும் அந்த இடத்தில்தான் வந்து முட்டினேன்.

தரகரின் விலையைக் கடைசி வரியிலிருந்து எடுத்தேன். நம்பத்தக்க விலை இல்லை என்று எழுதினேன். எஞ்சினையும் காற்றாடியையும் கழற்றி விற்று, உடம்பை வெட்டிப்போட்டால் என்ன வருமோ அந்த விலையைப் போட்டேன். கணக்கு மறுபடி சாய்ந்தது: இப்போது மாற்ற வேண்டாம், பெரிய சோதனை வரும்வரைக்கும் இவற்றையே ஓட்டுங்கள். கீழே ஒரு வரி சேர்த்தேன். எப்போது விற்றாலும், வெட்டியதற்கு அத்தாட்சி தருகிறவருக்கே விற்க வேண்டும்.

லண்டன்காரர் வாசித்துவிட்டு, "இதுதான் முடிவோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தன் பெயரைப் போட்டு அப்படியே அனுப்பினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஊர்ப்பற்றா, லாபமா என்று முதல் நாள் கேட்டேனே, லாபம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் பயந்தபடியே நடந்தது. நிறுவனம் வேறு ஆட்களிடம் போனது. அந்த ஆட்கள் தரகரின் விலையைப் போட்டே கணக்கை முடித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் புது விமானங்கள் வந்த படங்களைப் பார்த்தேன். மாலை போட்டு, ரிபன் வெட்டி, எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பழையவை போன இடம் தெரியவில்லை. தொழில் தெரிந்த நாலு பேரிடம் விசாரித்தேன். பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள், பறந்து போயின, அவ்வளவுதான் தெரியும் என்றார்கள்.

எங்கள் அலுவலகம் மூடவில்லை, ஆனால் பாதியானது. இப்போது மூன்று பேர், அரைச் சம்பளத்துக்கு, எங்கோ ஒரு நாட்டுக் கடைகளின் பற்றுச்சீட்டுகளைக் கணினியில் பதிகிறோம். முள்ளியவளைப் பெண் திரும்பவும் கார்மென்ட்ஸுக்குப் போய்விட்டாள். போகிற அன்று என் மேசையில் ஒரு மில்க் டொபி வைத்துவிட்டு, "சந்தேகப் பிராணி, கவனமா இருங்கோ" என்றாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னொரு தரம் அந்தக் கணக்கு வந்தாலும் அப்படியேதான் செய்வேன்; பிறகு மன்னிப்பு எதற்கு?

சிவலைப் பசு இன்னும் எங்கள் கொட்டிலில்தான் நிற்கிறது. போன கிழமை பின்னேரம் அம்மா அதற்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது, சம்பளம் ஏன் பாதியானது என்று கேட்டார். அதுவரைக்கும் ஏதேதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அலுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். தரகரையும், விலையையும், வேறு ஆட்களின் கணக்கை நம்பி நிறுவனம் விற்றதையும் சொன்னேன். விமானத்தின் உருவத்தை மட்டும் சொல்லவில்லை.

"ஆருக்கு வித்தவங்களாம்?"

"தெரியாதம்மா."

"என்ன மாதிரிப் பிளேன்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் பொய் எடுபடாது.

"இறக்கை மேல இருக்கும். பின்னால அகலக் கதவு."

அம்மாவின் கை வைக்கோலில் அப்படியே நின்றது. பசு தலையை நீட்டி அவர் கையிலிருந்ததை இழுத்தது. அவர் விடவில்லை, தான் பிடித்துக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் கிட்டப் போய் விரல்களைப் பிரித்து வைக்கோலை எடுத்தேன்.

"அங்கயும் ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்லப் போறாள்" என்றார் அம்மா. "அது சனம் ஏத்திற பிளேன், ஒண்டும் செய்யாது எண்டு."